ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் கணினி முதலிலிருந்து தொடங்குகிறது. காரணம் என்னவாக இருக்கும்?

கேள்வி (சத்துவாச்சாரி)

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில், ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகில், தட்டச்சும் நகலும் எடுத்துக் கொடுக்கும் சிறிய கடை நடத்தி வருகிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்பதால் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து மனு எழுத வருகிறவர்கள் காலை 8 மணிக்கே வாசலில் காத்திருப்பார்கள். ஆகவே பாதியில் நிற்கும் மனுக்களை மூடாமல், கணினியை ஸ்லீப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதே பல ஆண்டுகளாக என் வழக்கம்.

ஒரு மாதமாக அது முடியவில்லை. காலையில் வந்து பார்க்கும்போது கேபினெட்டின் முன்விளக்கு வழக்கம்போல் மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. விசைப்பலகையைத் தட்டியதும் விசிறி சுழல்கிறது. இரண்டு நொடிகளில் எல்லாம் நின்று, மறுபடியும் விசிறி சுழன்று, மதர்போர்டு நிறுவனத்தின் படம் வந்து, விண்டோஸ் புதிதாகத் திறக்கிறது. சேமிக்காமல் விட்டது எல்லாம் போய்விடுகிறது. போன வாரம் ஒரு மூதாட்டியின் பட்டா மனுவை அவரை உட்கார வைத்து முதலிலிருந்து கேட்டு எழுத வேண்டியதாயிற்று. மதியம் சாப்பிடப் போய் ஒரு மணி நேரம் கழித்து எழுப்பினால் மட்டும் பெரும்பாலும் சரியாகவே எழுகிறது.

2017இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி. 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 10, 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). பழுது பார்க்கும் கடை ஒன்றில் இரண்டு முறை விண்டோஸை அழித்துப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு முறையும் பணம் வாங்கிக்கொண்டார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது. மதர்போர்டின் வட்ட பேட்டரியையும் மாற்றிவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

பதில் (குடியாத்தம்)

அம்மா, பயாஸில் (விண்டோஸுக்கு முன் இயங்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில்) ராமுக்கு எக்ஸ்.எம்.பி. என்ற கூடுதல் வேக அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். எனக்கும் இதே தொல்லை இருந்தது. அதை நிறுத்தி ராமை அதன் இயல்பான வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகு நின்றது.

பதில் (ஆம்பூர்)

இரவில் மின்சாரம் போய் வருகிறதோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஸ்லீப்பில் இருக்கும்போது மின்சாரம் நின்றால் ராமில் உள்ளது அழிந்துவிடும். யு.பி.எஸ். பேட்டரி பழையதாக இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

பதில் (ராணிப்பேட்டை)

வணக்கம் அம்மா. கணினிப் பழுது பார்ப்பதே என் தொழில். மின்வெட்டு காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். இரவில் மின்சாரம் போயிருந்தால் காலையில் முன்விளக்கு மினுக்கிக்கொண்டிருக்காது. பயாஸில் தனியாக அமைத்திருந்தாலொழிய, விசைப்பலகையைத் தட்டினால் விசிறியும் சுழலாது. உங்கள் கணினி காலை வரை தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எழும் அந்த இரண்டு நொடிகளுக்குள்தான் ஏதோ நடக்கிறது.

இது மென்பொருள் கோளாறா, மின்சாரக் கோளாறா என்பதை முதலில் பிரித்தாக வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய், கெர்னல்-பவர் என்ற பெயரில் 41 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். அதன் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் பக்செக் கோட் என்று ஒரு வரி இருக்கும். அங்கே 159 என்று இருந்தால் ஏதோ ஒரு டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருள், தூக்கத்திலிருந்து எழ மறுத்து நீலத்திரை எனும் பிழைத்திரை விழுந்திருக்கிறது என்று பொருள். 0 என்று இருந்தால் விண்டோஸ் தன் பிழையைப் பதிவு செய்யக்கூட நேரமில்லாமல் நின்றிருக்கிறது. அப்போது சந்தேகம் மின்சாரத்தின் பக்கம் திரும்பும். இரவில் கணினியோடு என்னென்ன இணைத்து வைக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். 41 எண்ணுள்ள பதிவுகள் 17 இருக்கின்றன. எல்லாவற்றிலும் பக்செக் கோட் 0 என்றே இருக்கிறது. எக்ஸ்.எம்.பி. அமைப்பு ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருக்கிறது. இரவில் விசைப்பலகை, மவுஸ், அச்சு இயந்திரம் ஆகியவற்றோடு, கடைக்கென்று வைத்திருக்கும் கைப்பேசியையும் முன்பக்க யு.எஸ்.பி. துளையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் போவேன். பகலில் அது என் கையில் இருக்கும்.

பதில் (ராணிப்பேட்டை)

அந்தக் கைப்பேசிதான் வழி காட்டுகிறது. கைப்பேசியில் பழுது இருப்பதாகச் சொல்லவில்லை. அது இழுக்கும் மின்சாரத்தைத் தாங்கும் வலு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் குறைந்துவிட்டது என்கிறேன்.

கணினி தூங்கும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்ற பெரிய வழிகள் அணைந்துவிடுகின்றன. ஸ்டாண்ட்பை எனப்படும் தனி 5 வோல்ட் வழி ஒன்று மட்டும் உயிரோடு இருந்து, ராமில் உள்ளதை அழியாமல் காப்பதற்கும், விசைப்பலகை தட்டப்படுவதை உணர்வதற்கும், யு.எஸ்.பி. துளைகளுக்கும் மின்சாரம் கொடுக்கிறது. சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்தாதவரை இந்தச் சுற்றுக்கு ஓய்வே கிடையாது. மற்ற வழிகள் பகலில் 10 மணி நேரம் வேலை செய்தால் இது 24 மணி நேரமும் வேலை செய்கிறது. ஆகையால் இதிலுள்ள கண்டென்சர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வோல்ட்டைச் சீராக்கும் பாகங்கள்) முதலில் காய்ந்து வலுவிழக்கின்றன. நம் ஊர் கத்திரி வெயிலில், மூடிய கடைக்குள் இருக்கும் கேபினெட்டுக்கு இரவிலும் சூடு தணிவதில்லை. கண்டென்சரின் ஆயுளைக் குறைப்பதில் சூட்டுக்கு நிகர் வேறொன்றும் இல்லை. எழும் நொடியில் இந்த 5 வோல்ட் சற்றே சரிந்தாலும் மதர்போர்டு தடுமாறி, ராமில் உள்ளதை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கிவிடும். நீங்கள் பார்ப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஊகத்தின் பேரில் பணம் செலவழிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். மதர்போர்டில் செருகியிருக்கும் 24 முனை கனெக்டரில் ஊதா நிறக் கம்பி ஒன்றுதான் இருக்கும். அது 9ஆவது முனை. எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருந்தால் முனையை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணினியை ஸ்லீப்பில் போட்டு, மல்டிமீட்டரை நேர்மின்சாரம் 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முள்ளைக் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பிலும், சிவப்பு முள்ளை ஊதாக் கம்பி கனெக்டருக்குள் நுழையும் பின்புறத்திலும் வைத்துப் பாருங்கள். 5 சதவீதம் வரை கூடலாம், குறையலாம் என்பது விதி, அதாவது 4.75 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. கைப்பேசியுடன் ஒருமுறை, கைப்பேசி இல்லாமல் ஒருமுறை அளக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளேயிருக்கும் பெரிய கண்டென்சரில் 325 வோல்ட் அளவுக்குத் தேங்கி நிற்கும். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அடிக்கும்.

அதுவரை மனுக்கள் அழியாமல் இருக்க ஒரு வழி உண்டு. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்நேட்டை (ராமில் உள்ளதை எஸ்எஸ்டியில் எழுதி வைக்கும் வசதியை) இயக்கிவிட்டு, பவர் ஆப்ஷன்ஸில் ஹைப்ரிட் ஸ்லீப் என்பதையும் இயக்குங்கள். தூங்கப் போகும் முன் ராமில் உள்ளதன் நகல் ஒன்று எஸ்எஸ்டியிலும் எழுதப்படும். கணினி முதலிலிருந்து தொடங்கினாலும் திறந்திருந்த கோப்புகள் திரும்பக் கிடைக்கும்.

பதில் (ஆம்பூர்)

மின்வெட்டு என்று நான் சொன்னது தவறு. மினுக்கும் விளக்கை நான் கவனிக்கவில்லை. இங்கே ஒரு தோல் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கும் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றில் இதே அறிகுறி உண்டு. அதையும் அளந்து பார்க்கப் போகிறேன்.

கேட்டவர்

ஐயா, என் தம்பி எலக்ட்ரீஷியன். தோட்டப்பாளையத்திலிருந்து மீட்டரோடு வந்து அளந்தான். கணினி ஓடும்போது 4.97 காட்டியது. ஸ்லீப்பில், கைப்பேசி இல்லாமல் 4.83. கைப்பேசியைச் செருகியதும் 4.61க்கு இறங்கி, கடைசி இலக்கம் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. மீட்டரை எடுக்காமலே விசைப்பலகையைத் தட்டச் சொன்னான். தட்டிய நொடியில் எண் 4.3 என்று விழுந்ததும், விசிறி நின்று மறுபடி சுழன்றதும் ஒன்றாகவே நடந்தன. ஒரு மாதமாக எனக்குப் புரியாமல் இருந்த ஒன்றைக் கண்ணால் பார்த்தபோது மனம் நிம்மதியாயிற்று.

ஹைபர்நேட் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. இடம் மிச்சமாகும் என்று அந்தக் கடையில் நிறுத்தியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது இயக்கிவிட்டேன்.

பதில் (ராணிப்பேட்டை)

இதற்கு மேல் சான்று தேவையில்லை. 450 வாட்டே உங்களுக்குப் போதும்; வாங்கும்போது வாட்டைவிடப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். அதில் பிளஸ் 5 வி.எஸ்.பி. என்ற கட்டத்தில், அதாவது அந்த ஸ்டாண்ட்பை வழிக்கான கட்டத்தில், 2.5 அல்லது 3 ஆம்பியர் என்று இருப்பதாக எடுங்கள். முடிந்தால் முதலில் ஒன்றை இரவல் வாங்கி இரண்டு இரவு ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேட்டவர்

தம்பியின் நண்பரிடம் இரவல் வாங்கி மூன்று இரவுகள் ஓட்டினோம்; சோதனைக்காகவே கைப்பேசியையும் செருகி வைத்தேன். மூன்று காலைகளிலும் நேராக எழுந்தது. பிறகு புதியது வாங்கி மாட்டிவிட்டோம். ஸ்லீப்பில், கைப்பேசியோடு 5.02 காட்டுகிறது. இந்தத் திங்கட்கிழமை நான் கதவைத் திறந்தபோது வாசலில் ஆறு பேர் நின்றார்கள். விசைப்பலகையைத் தட்டியதும், ஞாயிற்றுக்கிழமை விட்ட வரியிலேயே கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். நகல் எடுக்கும் பக்கத்தில் இன்னொரு பழைய கணினி இருக்கிறது. அதை இரவில் முழுவதுமாக நிறுத்திவிடுவோம். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதில் மாட்டலாமா என்று தம்பி கேட்கிறான்.

பதில் (ராணிப்பேட்டை)

வேண்டாம் அம்மா. பல எஸ்.எம்.பி.எஸ்.களில் பெரிய வழிகளை இயக்கும் சில்லுக்கே அந்த ஸ்டாண்ட்பை சுற்றுதான் மின்சாரம் கொடுக்கிறது. அது இன்னும் தேய்ந்தால் பொத்தானை அழுத்தினாலும் கணினி எழாது. தேய்கிற காலத்தில் வோல்ட் தாறுமாறாகப் போனால் அந்த மதர்போர்டும் சேர்ந்து கெடும். பெட்டியின் மேல் பழுது என்று எழுதி, மின்கழிவு எடுக்கிறவரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.