வீட்டில் கிற்றார் ஒலிப்பதிவுக்கு எந்த மென்பொருள் பொருத்தம்?

அனைவருக்கும் வணக்கம். கல்லடியில் உள்ள என் வீட்டில், கிற்றாரை ஓடியோ இன்டர்ஃபேஸ் (வாத்திய ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் கருவி) வழியாக விண்டோஸ் மடிக்கணினியுடன் இணைத்து, முதலில் கோர்ட்ஸையும் (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) அதன்மேல் லீட் வாசிப்பையும் (தனி மெட்டு) பதிந்து, பின்னர் குரலைச் சேர்க்க விரும்புகிறேன். கராஜ்பேண்ட் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்குவதால் அது எனக்குப் பயன்படாது.

தற்போது பயன்படுத்தும் ஒடாசிட்டி மென்பொருள் இலவசமானது, பழகுவதும் இலகு; ஆயினும் என்னிடமுள்ள பதிப்பில் டிஸ்டோர்ஷன் (ரொக் இசையில் வரும் கரகரப்பு) சேர்த்த ஒலியைக் கேட்டபடியே வாசிக்க முடியவில்லை. ரீப்பர் என்ற மற்றொரு மென்பொருளை 60 நாட்கள் முழுமையாகப் பரீட்சித்துப் பார்க்கலாம், தனிப்பட்ட பாவனைக்கான உரிமம் 60 டொலர் என்பதால் மனம் அதன் பக்கமே சாய்கிறது. ஆனால் அதன் மெனுக்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

ரீப்பரில் பஃபரை (கணினி ஒலியைக் கையாளுமுன் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் அளவை) 128 ஆகக் குறைத்தால் ஒலி வெடித்து வெடித்து வருகிறது. 512 ஆக்கினால் தந்தியை மீட்டிச் சற்றுத் தாமதித்தே ஹெட்ஃபோனில் சத்தம் கேட்கிறது. (மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவதால் பொறுமையும் விரைவில் தீர்ந்துவிடுகிறது!) இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஏசியோ டிரைவரை (ஒலித் தாமதத்தைக் குறைக்க உதவும் இணைப்பு மென்பொருள்) நிறுவினால் இது சீராகுமா, அல்லது ஆரம்பநிலையினருக்கு ரீப்பரைவிட இலகுவான வேறு மென்பொருள் உண்டா என்பதை, மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் வீட்டிலேயே பதிவுசெய்யும் அன்பர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.