ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

தொடக்கப் பதிவு, சென்னை

எங்கள் அடுக்ககக் கூடம் 14 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையது. மேற்குப் பார்த்த பெரிய சன்னல் ஒன்றுதான் அதற்கு வெளிச்சம் தருகிறது. கடந்த தை மாதம் வண்ணம் அடிக்க முடிவு செய்தபோது, மூன்று சுவர்களுக்கு வெளிறிய சந்தன நிறமும், சோபாவுக்குப் பின்னால் உள்ள நீளச் சுவருக்கு மட்டும் குங்குமச் சிவப்பும் என்று தீர்மானித்தோம். பெயிண்டர்கள் இதை ‘ஹைலைட் சுவர்’ என்கிறார்கள். கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில், தீப்பெட்டி அளவே இருந்த நிறத்துண்டைப் பார்த்து அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை இப்போது சொல்லவே சற்று வெட்கமாக இருக்கிறது.

இரண்டு கோட் போதும் என்று கணக்கிட்டிருந்தோம். நான்கு கோட் அடித்த பிறகுதான் பழைய வெள்ளை முழுமையாக மறைந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து அந்தச் சுவரில் விழும்போது, எதிரே இருந்த சந்தன நிறச் சுவர் இளஞ்சிவப்பாக மாறியது. விதானத்தின் விளிம்பும் சிவந்தது. அங்கு உட்கார்ந்திருந்தவர்களின் முகமும் சிவந்தது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் என்னிடம் காய்ச்சலா என்று அக்கறையோடு விசாரித்தார். வெயில் போய், விளக்குப் போடுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் அதே சுவர் ஏறத்தாழக் கறுத்துத் தெரிந்தது. ஒரே நாளில் இரண்டு வேறு வீடுகளில் இருப்பது போன்ற உணர்வு அது.

என் அம்மா மூன்று நாள்கள் எதுவும் சொல்லவில்லை. நான்காம் நாள், பீரோவிலிருந்து தம்முடைய பழைய காஞ்சிபுரம் கோர்வைப் பட்டுப் புடவையை எடுத்துவந்து சோபாவின் மீது விரித்தார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. “கரையாக இருக்க வேண்டியதை நீ உடலாக நெய்துவிட்டாயடா” என்றார். கோர்வையில் கரையும் உடலும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, ஒவ்வோர் ஊடையிலும் கோத்து இணைக்கப்படுவதால்தான் இரண்டு நிறங்களும் ஒன்றில் ஒன்று கலங்காமல் வெட்டினாற்போல நிற்கின்றன. அந்த அரக்கு அத்தனை எடுப்பாகத் தெரிவதற்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சளே காரணம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தச் சுவரை இன்னும் மாற்றவில்லை. மாற்றுவதற்கு முன், அடர்நிறத்தைத் துணிந்து வைத்தவர்கள் எங்கே வைத்தீர்கள், எது நிலைத்தது, எதன் மேல் மறுபடி வெள்ளை அடிக்க நேர்ந்தது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

காரைக்குடியிலிருந்து

உங்கள் அம்மா சொன்னதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கதையை எழுதத் தோன்றியது. எங்கள் பூர்வீக வீட்டில் பட்டாலையிலும் அதை அடுத்த அறைகளிலும் ஆத்தங்குடிக் கற்கள் பதித்திருக்கிறோம். அந்தக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடிப் பலகையின் மீது இரும்புச் சட்டத்தை வைத்து, பூவேலை அச்சின் அறைகளில் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு எடுக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் பளபளப்பான மேற்பக்கம். கையால் ஊற்றுவதால் ஒரு கல்லின் மஞ்சளைப் போலவே இன்னொரு கல்லின் மஞ்சள் இருப்பதில்லை. அதுதான் அந்தத் தரைக்கு உயிர்.

என் தம்பி மகன் ஓர் ஆர்வத்தில், தரையில் உள்ள அதே மஞ்சளைச் சுவரிலும் கொண்டுவர வேண்டும் என்று கடையில் கல்லைக் காட்டி இயந்திரத்தில் நிறம் கலந்து வாங்கி வந்தான். கலந்தவர் திறமைசாலி, நிறம் ஏறத்தாழப் பொருந்தியது. ஆனால் சுவர் காய்ந்த மறுநாள், அறுபது ஆண்டுகளாக எடுப்பாக இருந்த தரை அழுக்கேறியது போலத் தெரிந்தது. துடைத்துப் பார்த்தோம், தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தும் பார்த்தோம். பலன் இல்லை. ஆறு மாதம் கழித்துச் சுவரை மறுபடி வெள்ளையாக்கிய அன்றே தரை பழையபடி ஒளிர்ந்தது. முட்டையின் வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றிய வெள்ளைச் சுவர்களை எங்கள் முன்னோர் ஏன் வைத்தார்கள் என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. நிறமெல்லாம் காலுக்குக் கீழேயும் கதவு நிலைக்கு மேலேயும் இருந்தன. நடுவில் கண் இளைப்பாற இடம் விட்டிருந்தார்கள்.

திருநெல்வேலியிலிருந்து, ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்

காரைக்குடி அன்பர் கண்டதை ஒரு வேதியியலாளர் பாரிஸ் நகரில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார். 1824இல் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைவரான செவ்ரல் என்பவரிடம், கறுப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை என்று முறையிட்டார்கள். அவர் நூலைச் சோதித்துப் பார்த்தபோது சாயத்தில் குறை ஏதும் இல்லை. அந்தக் கறுப்பு, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதுதான் அது வெளிறித் தெரிந்ததற்குக் காரணம். அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை ஒன்று மாற்றுகின்றன என்ற அந்த முடிவை 1839இல் விரிவான நூலாகவே வெளியிட்டார். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இது நூல் படிக்காமலே தெரிந்திருந்தது என்பது வேறு செய்தி.

சென்னை நண்பரின் சுவர் அந்தியில் கறுத்ததற்கும் காரணம் உண்டு. வெளிச்சம் நன்றாக இருக்கும்போது நம் கண்ணின் கூம்புச் செல்கள் வேலை செய்கின்றன. மங்கும்போது கோல் செல்கள் பொறுப்பேற்கின்றன. கோல் செல்களுக்குச் சிவப்பு ஒளி ஏறத்தாழத் தெரிவதே இல்லை. ஆகவே அந்தியில் முதலில் அணைவது சிவப்பு. நீலமும் பச்சையும் இன்னும் சற்று நேரம் தாங்கும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யேயின் பெயரால் இந்த விளைவு வழங்குகிறது. எங்கள் வீட்டில் நான் படிக்கும் மூலைக்கு அடர்ந்த மயில்கழுத்து நீலம் அடித்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மாலை ஆறரை மணிக்கு அந்த மூலை மட்டும் சற்றே ஒளிர்வது போலத் தோன்றும். விளக்கைப் போட மனம் வராமல் பல நாள் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். தேர்வுத்தாள் திருத்தும் கட்டாயம் இல்லாதவனுக்கு அது கட்டுபடியாகும்.

கோயம்புத்தூரிலிருந்து, வாடகை வீட்டில் வசிப்பவர்

சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கும் இந்த ஆசை உண்டு. எங்கள் வீட்டுச் சுவர்கள் அனைத்தும், உரிமையாளர் எப்போதோ மொத்தமாக வாங்கிய ஒரே வெளிர் நிறத்தில் இருக்கின்றன. ஆகவே நான் துணியை நம்பினேன். திவானின் மேல் சிவப்பும் பச்சையும் பட்டைகளாக ஓடும் பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்தேன். அறை அன்றைக்கே தலை நிமிர்ந்தது. அந்த வேகத்தில், மதுரைச் சுங்குடிச் சேலைகள் இரண்டை வெட்டித் தென்புறச் சன்னலுக்குத் திரைச்சீலை தைத்தேன். அங்குதான் சறுக்கினேன்.

எட்டு மாதம் கழித்துத் துவைப்பதற்காகத் திரையை இறக்கி விரித்தபோது, நான் தைக்காத கோடுகள் அதில் இருந்தன. மடிப்பின் வெளிமுகம் வெயில் பட்டு வெளுத்தும், உள்மடிப்பு பழைய அரக்காகவும், ஏதோ புதிய நெசவு போல வரிவரியாக இருந்தது. அடர்நிறத் துணிக்கு வெயில் படும் பக்கத்தில் ஒரு வெள்ளை உள்துணி வைத்துத் தைக்க வேண்டும் என்பதைத் தையற்காரரே முன்பு சொல்லியிருந்தார். முப்பது ரூபாய் மீட்டருக்கு மிச்சம் பிடித்து ஒரு சேலையைத் தொலைத்தேன். இப்போது அதே சன்னலில் வெள்ளைக் கைத்தறி தொங்குகிறது. அடர்நிறத்தைப் புத்தக அலமாரியின் உட்புறத்துக்கு மாற்றிவிட்டேன்: அளவாக வெட்டிய மெல்லிய பலகைகளுக்குக் கிளிப்பச்சை அடித்து, தட்டுகளின் பின்னால் ஆணியின்றிச் செருகிவைத்தேன். வீடு மாறும்போது அவையும் என்னோடு வரும்.

ரொறன்ரோவிலிருந்து

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவர் மஞ்சள் நிறம். அந்த நினைவில், இங்கு ஸ்காபரோவில் வீடு வாங்கியதும் வடக்குப் பார்த்த முன்னறையில் ஒரு சுவருக்கு அதே மஞ்சளை அடித்தோம். வடக்கு யன்னலால் நேர் வெயில் வருவதில்லை. வருவது வானத்தின் நீலம் கலந்த ஒளி. அந்த ஒளியில் எங்கள் மஞ்சள், பழுக்க மறுத்த எலுமிச்சங்காய் போலப் பச்சை சாய்ந்து நின்றது. டிசெம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுவதால், குளிர்காலத்தில் அந்தச் சுவரை நாங்கள் பெரும்பாலும் மின்குமிழின் ஒளியில்தான் பார்த்தோம். வெள்ளை ஒளி தரும் 4000 கெல்வின் குமிழ்களை மாற்றி, மஞ்சள் சாய்ந்த ஒளி தரும் 2700 கெல்வின் குமிழ்களைப் பூட்டியதும், இரவில் மட்டுமாவது விறாந்தை திரும்பி வந்தது. அடுத்த முறை செங்கல் நிறத்துக்குப் போவோம் என்று மனைவி சொல்லியிருக்கிறார். நான் இன்னும் இணங்கவில்லை.

திருச்சியிலிருந்து, பெயிண்டிங் ஒப்பந்த வேலை செய்பவர்

இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பதால், வேலைக்காரன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். சென்னை நண்பருக்கு நான்கு கோட் ஆனதற்கு அவருடைய பெயிண்டரைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு நிறம் அடியில் உள்ளதை மறைப்பதற்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடிதான் பெரிதும் உதவுகிறது. அடர்நிறம் வர வேண்டுமானால் அந்த வெள்ளை குறைவாக உள்ள ‘டீப் பேஸ்’ வாளியில்தான் சாயத்தைக் கலக்க முடியும்; அதனால் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் கண்ணாடி போல அடியைக் காட்டும். சிவப்புக்கு அடியில் வெள்ளைப் பிரைமருக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் கலந்த பிரைமர் அடித்திருந்தால் இரண்டு அல்லது மூன்று கோட்டில் முடிந்திருக்கும்.

நான் கையைச் சுட்டுக்கொண்டது வேறு இடத்தில். புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் கிரகப்பிரவேச நாள் குறித்துவிட்டார்கள் என்பதற்காக, பூச்சு வேலை முடிந்த பத்தே நாளில் படுக்கையறைச் சுவர் ஒன்றுக்கு ஆழ்ந்த ஆனந்தா நீலம் அடித்துக் கொடுத்தேன். சிமெண்டுப் பூச்சு குறைந்தது 28 நாள்களாவது ஈரம் வற்றிக் காய வேண்டும் என்பது தெரியாமல் இல்லை. மறுத்தால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். ஒரு மாதத்தில் அந்த நீலத்தின் மேல் உப்புப் பூத்து, தேசப்படம் போல வெள்ளைத் திட்டுகள் படர்ந்தன. பக்கத்துச் சுவரிலும் உப்பு இருந்தது. அது வெளிர் நிறம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, என் செலவில் மறுபடி அடித்தேன். பட்டியில் உள்ள மேடு பள்ளம், ரோலர் தடம், பிறகு செய்த ஒட்டு வேலை எல்லாவற்றையும் அடர்நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் ஹைலைட் சுவர் என்றால் மற்ற மூன்று சுவர்களுக்கும் சேர்த்து ஆகும் நேரத்தை அதற்கு மட்டும் ஒதுக்குகிறேன். வெவ்வேறு நாள் கலந்த வாளிகளை ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிய பிறகே தொடங்குகிறேன்.

இன்னொன்று. நிறத்துண்டின் பின்புறத்திலோ நிறுவனத்தின் நிற அட்டவணையிலோ ஒளி திருப்பும் அளவு என்று ஓர் எண் இருக்கும்; சுவரில் விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதே அது. வெள்ளைக்கு 80க்கு மேலும், ஆழ்ந்த சிவப்புக்கு 10ஐ ஒட்டியும் வரும். ஒரே சன்னல் உள்ள அறையில் பெரிய சுவருக்கு 10 என்றால், பகலிலும் விளக்குப் போடத் தயாராக இருக்க வேண்டும். துண்டை நம்பாமல் சிறிய டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் இரண்டு கோட் அடித்து, அறையின் ஒவ்வொரு மூலையிலும் வைத்துக் காலை, மதியம், மாலை, விளக்கொளி என்று பார்க்கச் சொல்வேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் என்னை இரண்டாம் முறை அழைப்பதில்லை, தேவை ஏற்படுவதில்லை.

தொடக்கப் பதிவர் மீண்டும், சென்னை

அனைவருக்கும் நன்றி. கோயம்புத்தூர் நண்பரின் அலமாரி யோசனையும் திருச்சி அன்பரின் பலகை யோசனையும் சேர்ந்து எங்களை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. நீளச் சுவருக்குச் சந்தன நிறமே திரும்பி வருகிறது. கூடத்திலிருந்து சமையலறைக்குச் செல்லும் வழியில் வெயில் நேராக எட்டாத, ஒன்றரை அடி ஆழமுள்ள மாடம் ஒன்று இருக்கிறது. அதன் உட்புறம் மட்டும் சிவக்கப்போகிறது. சுவரிலிருந்து உள்வாங்கிய இடம் என்பதால் அந்தச் சிவப்பு மற்ற சுவர்களில் தெறிக்க வழியில்லை. எந்தச் சிவப்பு என்பதில் அம்மாவும் நானும் ஒத்துப்போகவில்லை. நிற அட்டையில் உள்ள பெயர்கள் எதுவும் அவருக்குப் பொருள்படவில்லை. புடவைக் கடையில் எம்.எஸ். நீலம் என்றும் வெந்தய நிறம் என்றும் மாந்துளிர் என்றும் சொன்னால் உடனே விளங்குவது போல, சுவருக்கும் யாராவது பெயர் வைத்தால் என்ன என்று கேட்கிறார். கடைசியில் அந்தப் பட்டுப் புடவையின் கரையையே கடைக்கு எடுத்துச் சென்று நிறம் கலந்து வந்தோம்.

பலகை இரண்டு நாள்களாக மாடத்தில் சாய்ந்திருக்கிறது. நேற்றும் இன்றும் வானம் மூடியிருந்ததால் கூடத்தில் மாலை வெயில் விழும் நேரத்தில் அது எப்படித் தெரிகிறது என்று இன்னும் பார்க்க முடியவில்லை. பெயிண்டரை வியாழக்கிழமைக்குத் தள்ளி வரச் சொல்லியிருக்கிறேன்.