கேளிக்கைப் பூங்காவில் சிறப்புக் குழந்தைக்குத் தனி ஏற்பாடு கேட்பது முறைதானா?

திருநகர்த் தாய்:

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உண்டு, பேச்சு ஓரிரு சொற்களோடு நின்றுவிடும். தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். வைகையில் தண்ணீர் வரும் நாட்களில் ஏ.வி. பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அரை மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த ஆசையை நம்பித்தான் சென்ற கோடை விடுமுறையில் ஒரு பெரிய நீர்விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். ஒரு சறுக்கில் ஏற, இரும்புக் கம்பிகளுக்கு நடுவே பாம்புபோல் வளைந்து செல்லும் வரிசையில் நாற்பது நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. தலைக்கு மேலே ஒலிபெருக்கி, பக்கத்தில் ஊழியரின் விசில், உடம்போடு ஒட்டிய ஈர நைலான் உடை. பத்தாவது நிமிடத்தில் காதைப் பொத்தினான். இருபதாவது நிமிடத்தில் தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். முன்னால் போகவும் வழியில்லை, பின்னால் திரும்பவும் வழியில்லை.

எப்படியோ வெளியே வந்து, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை ஊழியரிடம் காட்டி, "அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம், எங்கள் முறை வரும்போது கூப்பிடுங்கள்" என்று கேட்டேன். அப்படியொரு வழக்கம் இல்லை, வேண்டுமானால் கூடுதல் கட்டணச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வரிசையில் நின்ற ஒருவர், "பார்த்தா நல்லாத்தானே இருக்கான்" என்றார்.

வரும் காலாண்டு விடுமுறையில் கொச்சிக்குப் போவதாக இருக்கிறோம். அங்குள்ள பூங்காவுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, வரிசைக்கு வெளியே காத்திருக்க அனுமதி கேட்கலாம் என்கிறேன் நான். அது சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும், வேண்டாம் என்கிறார் என் கணவர். இங்குள்ளவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பொதுவரிசை:

சகோதரி, உங்கள் கணவர் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. நம் நாட்டில் பணமும் பதவியும் செல்லாத இடங்கள் மிகக் குறைவு. ஒழுங்காக நடக்கும் வரிசை அவற்றுள் ஒன்று. அதில் ஒரு நியாயமான காரணத்துக்காக ஓர் ஓட்டை போட்டால், அடுத்த மாதமே நியாயமில்லாத பத்துப் பேர் அந்த ஓட்டை வழியாக நுழைவார்கள். இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் மாற்றுத்திறனாளிகளின் குடும்பத்தை மாற்று வாசல் வழியே விடுவதற்கு ஓர் உதவி அட்டை இருந்தது. வசதி படைத்த சிலர் மாற்றுத்திறனாளி ஒருவரை மணிக்கணக்கில் கூலி பேசி அழைத்துக்கொண்டு போய் முந்துவதாக 2013இல் செய்தி வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நிர்வாகம் அந்த அட்டையை நிறுத்தியது. அங்கேயே அப்படி என்றால், நம் ஊரில் அந்த வியாபாரம் தொடங்க எத்தனை நாளாகும்?

இன்னொன்றும் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரைச்சல் ஆகாத பிள்ளையை இரைச்சலையே விற்கும் இடத்துக்கு ஏன் அழைத்துச் செல்ல வேண்டும்? சோழவந்தான் பக்கம் ஏதாவது ஒரு தோப்பில் பம்புசெட்டுத் தொட்டி கிடைக்காதா? கட்டணமும் இல்லை, கூட்டமும் இல்லை.

ராட்டினக்காரன்:

பதினான்கு ஆண்டுகள் பொருட்காட்சிகளிலும், அதன்பின் ஒரு பூங்காவிலும் ராட்டினம் இயக்கியவன் நான். இருவரும் வரிசையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அச்சம் தந்ததெல்லாம் வரிசை முடிந்த பிறகு நடப்பவைதான்.

கொலம்பஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருக்கும்போது ஒரு பிள்ளை பயந்து எழுந்துவிட்டால், நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் கப்பல் அந்த இடத்திலேயே நின்றுவிடாது. இன்னும் சில முறை ஆடித்தான் அடங்கும். அந்தச் சில ஆட்டங்களுக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். உயரக் கட்டுப்பாட்டைப் பலர் வயதுக் கட்டுப்பாடு என்று நினைத்துச் சண்டைக்கு வருவார்கள். ஆனால் இருக்கையின் இரும்புத் தடுப்பு தொடையின் மேல் சரியாக அமர்ந்து உடம்பைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அதன் காரணம். நீர்ச்சறுக்கில் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு மல்லாந்து படுக்கச் சொல்வதும் இப்படித்தான்: பாதி வழியில் எழுந்து உட்கார்ந்தால் வளைவில் உடல் தூக்கி எறியப்படும் ஆபத்து உண்டு. சொன்னதைப் பிள்ளை கேட்டு நடக்குமா என்று எனக்குத் தெரியாதபோது, ஏற்றிவிட மறுப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அப்போது பெற்றோர் அட்டையை நீட்டுவார்கள். அட்டை வரிசைக்குப் பயன்படலாம். இருக்கைத் தடுப்புக்கு அட்டை தெரியாது.

அதனால் சகோதரி, முதலில் இருவர் சேர்ந்து அமரும் மிதவைச் சறுக்கையும், மெதுவாகச் சுற்றி ஓடும் கால்வாயையும் தேர்ந்தெடுங்கள். அலைக்குளத்தில் அலை எழும்புவதற்குமுன் சங்கு ஒலிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதை முன்பே பையனுக்குக் காணொளியில் காட்டிப் பழக்காவிட்டால், தண்ணீரே பிடித்தாலும் அந்த ஒலிக்காகவே ஓடிவிடுவான்.

திருநகர்த் தாய்:

ராட்டினக்காரன் ஐயாவின் பதிவை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். சங்கொலி எங்கள் இருவருக்கும் தோன்றாத செய்தி. இன்று மாலையே தொடங்கிவிட்டோம். ஏற்றிவிட மறுக்கும் உரிமை இயக்குபவருக்கு உண்டு என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த மறுப்பு வரிசையின் கடைசியில், நாற்பது நிமிடம் நின்ற பிறகு வராமல், நுழைவாயிலிலேயே எந்தெந்த விளையாட்டு ஆகும், எது ஆகாது என்று தெரிந்துவிட்டால் எங்கள் நாள் தப்பித்துவிடும்.

பொதுவரிசை ஐயா டிஸ்னி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். பழைய அட்டையை நிறுத்தியவர்கள் வெறுங்கையோடு விட்டுவிடவில்லை. அதற்குப் பதிலாக, அப்போது வரிசை எவ்வளவு நீளமோ ஏறத்தாழ அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்லி நேரம் குறித்துத் தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். நாற்பது நிமிட வரிசைக்கு நாற்பது நிமிடம் மரத்தடியில். நான் அந்த ஊழியரிடம் கேட்டதும் அதைத்தான். இதில் யாரை யார் முந்துகிறார்கள்? நாங்கள் அங்கே வாதாடிக்கொண்டிருந்தபோதே கூடுதல் கட்டணச் சீட்டுக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பம்புசெட்டுத் தொட்டிக்கு வாரந்தோறும் போகிறோம். அவனுடைய அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. ராட்டினம் வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகக் கேட்கிறாள். தம்பியை வீட்டில் விட்டுவிட்டு வர அவளும் ஒப்பவில்லை.

பொதுவரிசை:

கட்டணச் சீட்டைக் காட்டி என் வாயை அடைக்க முடியாது. மீனாட்சி அம்மன் கோயிலில் ஐம்பது ரூபாய்ச் சீட்டுகூட நான் வாங்கியதில்லை. ஆடி வெள்ளியாக இருந்தாலும் பொது தரிசன வரிசைதான். பூங்காவின் கட்டணச் சீட்டையும் அதே அளவுக்கு வெறுக்கிறேன்.

ஆனால் நேரம் குறித்துத் தரும் முறையை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காத்திருக்கும் நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விடுகிறது. மீதிப் பாதி இது: பிள்ளையோடு எத்தனை பேர் வரலாம்? சித்தி, சித்தப்பா, அவர்களுடைய பிள்ளைகள் என்று வேன் நிறைய வந்து இறங்கும் குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். நாமெல்லாரும் அந்த வேனில் போனவர்கள்தானே.

ஆனையூர் அப்பா:

இந்த விவாதத்தை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இருவரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி. எங்களை வரிசை துன்புறுத்துவதில்லை. அவள் பொறுமையாகக் காத்திருப்பாள், பக்கத்தில் நிற்பவர்களோடு சிரித்துப் பேசுவாள். காத்திருந்து முடித்தபின் எதிரே இருபது படிகள் இருக்கும். அதுதான் எங்கள் சிக்கல்.

அதைவிடப் பெரிய சிக்கலை இங்கே யாரும் தொடவில்லை. அவளுக்கு உடை மாற்ற இடம் வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வைத்திருக்கும் மடிப்புப் பலகை அவளைத் தாங்காது. ஒருமுறை ஒரு பூங்காவில் பெண்கள் கழிப்பறையின் ஈரத்தரையில் துண்டை விரித்து என் மனைவி அவளுக்கு உடை மாற்றினாள். நான் வாசலில் நின்று வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை, எல்லாம் புரிகிற பிள்ளை. அன்று வீடு திரும்பும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

தனி அட்டை, தனி நேரம் என்று கேட்கத் தொடங்கினால் நிர்வாகங்கள் மகிழ்ச்சியோடு அதைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடும், ஏனென்றால் அதற்குச் செங்கல்லும் சிமெண்டும் தேவையில்லை. நீங்கள் இருவரும் சொன்ன டிஸ்னியிலேயே 2024இல் அந்த ஏற்பாட்டை ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கானது என்று சுருக்கினார்கள். வேறு உடல்நலச் சிக்கல் உள்ள பலர் வெளியே நின்றார்கள். யாருடைய துன்பம் பெரிது என்று நாம் நமக்குள்ளேயே நிறுத்துப் பார்க்கும் நிலைமை எனக்கு வேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் ஆன்டோனியோ நகரில் 2010இல் ஒரு பூங்கா திறந்தார்கள். மார்கன் என்னும் மாற்றுத்திறனாளிப் பெண்ணின் தந்தை கட்டியது, அவளுடைய பெயரிலேயே இருக்கிறது. அங்கே சக்கர நாற்காலியோடு ஏறும் ராட்டினம் உண்டு. பின்னர் 2017இல் சேர்த்த நீர்ப்பூங்காவில் மின்கலம் இல்லாமல் அழுத்தக் காற்றால் ஓடும், நனையக்கூடிய நாற்காலிகளும் வைத்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. கேட்பதென்றால் இப்படிக் கேட்க வேண்டும். வரிசைக்கு வெளியே ஒரு நிழல் கேட்பது மிகச் சிறிய கோரிக்கை.

கருப்புக்கோட்டு:

சட்டத்தைப் பற்றி யாரும் பேசாததால் சில வரிகள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் மூளை முடக்குவாதமும் அதில் அடங்கும். பொழுதுபோக்கைப் பற்றிய 29ஆம் பிரிவு அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும்தான் கடமை விதிக்கிறது, தனியார் பூங்காவை அதைக் காட்டி மிரட்ட முடியாது. ஆனால் 46ஆம் பிரிவு, சேவை வழங்குபவர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் விதிகளுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்து பயன்படுத்த வகைசெய்யும் விதிகளுக்கு, உட்பட்டவர் என்கிறது. அந்த விதிகள் கட்டாயமா, வெறும் பரிந்துரையா என்ற குழப்பம் இருந்தது. வெறும் பரிந்துரையாக இருந்தால் சட்டத்துக்கே பொருளில்லை என்ற நோக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டாய விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. ஆனையூர் அப்பா கேட்கும் சரிவுப்பாதையும் உடைமாற்றும் இடமும் இந்த வழியில் வரும்.

திருநகர்த் தாய் கேட்பது வேறு வகை. சட்டம் அதை நியாயமான இணக்க ஏற்பாடு என்கிறது: தேவையான, பொருத்தமான ஒரு மாற்றத்தை, வழங்குபவர்மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றாமல் செய்து தருவது. ஒரு துண்டுச்சீட்டில் நேரம் எழுதித் தருவதை அளவுக்கு மீறிய சுமை என்று எந்த நிர்வாகமும் வாதிட்டு வெல்வது கடினம் என்பது என் கருத்து.

பொதுவரிசை:

வழக்கறிஞரே, சுமை நிர்வாகத்துக்கு மட்டும்தானா? ஒரே நேரத்தில் முப்பது பேர் சீட்டோடு வந்து நின்றால், வெயிலில் நிற்கும் மற்றவர்களின் காத்திருப்பு கூடாதா?

ராட்டினக்காரன்:

அதற்கு நான் பதில் சொல்கிறேன். ஒரு சுற்றுக்கு இத்தனை இருக்கை என்று ஒதுக்கிவிட்டால் போதும், முப்பது பேரும் ஒரே சுற்றில் ஏற மாட்டார்கள். கட்டணச் சீட்டுக்காரர்களுக்கு நாங்கள் அப்படித்தான் ஒதுக்கினோம். கைவராத வேலை ஒன்றும் இல்லை.

திருநகர்த் தாய்:

கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். என் கணவர்தான் தட்டச்சு செய்கிறார்; முதல் வரியில் நான் சொன்ன "சலுகை" என்ற சொல்லை அடித்துவிட்டு "ஏற்பாடு" என்று போட்டவரும் அவரே. பொதுவரிசை ஐயா கேட்டதையும் ஏற்றுக்கொண்டோம்: பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டும், வேன் நிறைய உறவினர் கிடையாது. எங்களுக்கு ஆகாத விளையாட்டுகளை நுழைவாயிலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறோம். குமுளி மலைப்பாதை அவனுக்கு வாந்தி வரவழைக்கும் என்பதால், சுற்றுவழியானாலும் செங்கோட்டை, கொல்லம் வழியாகச் செல்லும் குருவாயூர் ரயிலில் போகிறோம். நைலான் உடையை இப்போதே வாங்கி நாலைந்து முறை துவைத்து, தினமும் குளிக்கும்போது போட்டுவிடுகிறேன். முதல் நாள் கிழித்தெறியப் பார்த்தான். நேற்று பத்து நிமிடம் போட்டிருந்தான்.

ஆனையூர் அப்பா, நீங்கள் சிறிய கோரிக்கை என்றது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் மகளுக்கு வேண்டியதையும் இதே கடிதத்தில் எழுதுகிறேன். எப்படி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஆனையூர் அப்பா:

அப்படியானால் பலகை என்றோ மேசை என்றோ எழுதாதீர்கள் சகோதரி; கைக்குழந்தைக்கு வைத்திருப்பதைக் காட்டி, "இருக்கிறதே" என்பார்கள். கட்டில் என்று எழுதுங்கள். ஆறடி நீளம், பெரியவர் ஒருவரைத் தாங்கும் வலு, சக்கர நாற்காலி உள்ளே திரும்பும் அளவுக்கு அறை. அப்பாவும் உள்ளே வரக்கூடிய, ஆண் பெண் என்று பிரிக்காத அறையாக இருக்க வேண்டும். அவளைத் தூக்க இப்போது இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.