மூன்றாவது சிலிண்டரின் காயில் மட்டும் அடிக்கடி போகிறது: காரணத்தை எங்கே தேடுவது?

கேள்வி:
வணக்கம். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் மல்லிகைப் பூ ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு ஓட்டும் என்னுடைய பிக்கப் 2011-ஆம் ஆண்டு வண்டி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் பின்னர் சி.என்.ஜி. கிட் பொருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு பிளக்கின் மேலும், அதில் பொறி பறக்க உயர் மின்னழுத்தம் தரும் தனித்தனி இக்னிஷன் காயில் உண்டு. கடந்த 14 மாதங்களில் மூன்றாவது சிலிண்டரின் காயில் மட்டும் மூன்று முறை போய்விட்டது. செக்கானூரணி தாண்டிப் பாரத்தோடு மிதிக்கும்போது மிஸ்ஸிங் (சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுவது) அடிக்கத் தொடங்குகிறது. ஸ்கேனர் போட்டால் பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், என்று வருகிறது. ஒர்க்ஷாப்பில் வெயில்தான் காரணம் என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் காயிலை மட்டும் மாற்றித் தருகிறார்கள். சந்தை நேரம் தவறினால் பூவுக்கு விலை கிடைக்காது. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1:
முதலில் சார்ஜிங்கைப் பாருங்கள், அண்ணே. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் பழுது. காயில் சூடேறிச் சாகும். எஞ்சினுக்கு வரும் எர்த் ஒயரையும் கழற்றித் துரு நீக்கி முடுக்குங்கள்.

மறுமொழி 2:
தம்பி சொன்ன சோதனையைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் நான்கு காயில்களுக்கும் ஒரே சப்ளைதான் போகிறது. வோல்ட்டேஜோ வெயிலோ காரணம் என்றால் மூன்றாவது மட்டும் ஏன் சாக வேண்டும்? மிஸ்ஸிங் இருக்கும்போதே அந்தக் காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். ஸ்கேனர் குறியீடு பி0301 (முதல் சிலிண்டர்) என்று மாறினால் காயில் கெட்டிருப்பது உறுதி. அப்போதும் அதைக் கெடுத்தது எது என்ற கேள்வி மிஞ்சும். அதற்கு விடை பெரும்பாலும் காயிலுக்குக் கீழே, பிளக் குழியில்தான் இருக்கும்.

டார்ச் அடித்து அந்தக் குழிக்குள் எண்ணெய் நிற்கிறதா என்று பாருங்கள். டேப்பட் கவர் கேஸ்கட் (எஞ்சின் மேல்மூடியின் கசிவுத் தடுப்பு) கசிந்தால் எண்ணெய் அங்கே இறங்கி, பிளக்கின் மேல் மாட்டும் காயிலின் ரப்பர் உறையை ஊற வைத்துவிடும். பிறகு பிளக்கைக் கழற்றி, பொறி தாண்டும் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். சி.என்.ஜி.யில் ஓடும்போது பொறி தாண்டுவதற்குப் பெட்ரோலைவிடக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. பிளக் தேய்ந்து இடைவெளியும் அகன்றுவிட்டால், பாரம் இழுக்கும் நேரத்தில் பொறி அதைத் தாண்ட முடியாமல், ஊறிய ரப்பர் வழியாகவோ காயிலின் உள் இன்சுலேஷனைத் துளைத்தோ வேறு பாதை தேடும். இந்த நிலையில் எத்தனை புதுக் காயில் போட்டாலும் அதற்கும் அதே கதிதான். காயிலை நொந்து பயனில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. சார்ஜிங் 14.2 வோல்ட் காட்டியது. மூன்றாவது குழியில் பிளக் ஸ்பேனரை விட்டு எடுத்தபோது அதன் நுனியில் விரற்கடை அளவுக்குக் கறுத்த எண்ணெய் ஒட்டியிருந்தது. மற்ற மூன்று குழிகளும் காய்ந்திருந்தன. ரப்பரை நீளவாக்கில் அறுத்து விரித்தபோது, உட்புறத்தில் மேலிருந்து கீழ்வரை தலைமுடி போல ஒரு கரிக்கோடு தெரிந்தது. பிளக் இடைவெளி 1.3 மில்லிமீட்டர். வண்டியின் கையேடு 1.0 என்கிறது.

மறுமொழி 2:
அந்தக் கரிக்கோடுதான் பொறி ஓடிய தடம். கேஸ்கட்டையும், குழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். வளையத்தைப் பழையதாக விட்டால் கசிவு மீண்டும் வரும். குழியைத் துடைத்துக் காய வைத்த பிறகு நான்கு பிளக்குகளையும் ஒன்றாக மாற்றுங்கள். உள்ளே மின்தடை வைத்த ரெசிஸ்டர் வகைப் பிளக்தானா என்று கேட்டு வாங்குங்கள். இடைவெளியைக் கிட் பொருத்தியவர் குறித்த அளவுக்கு வையுங்கள். வாயுவில் ஓடும் வண்டிகளுக்குப் பொதுவாகப் பெட்ரோல் அளவைவிடக் குறைத்தே வைப்பார்கள். இதற்குப் பிறகும் அதே இடத்தில் காயில் போனால், மூன்றாவது காயிலின் கனெக்டர் பின்களையும், அங்கிருந்து ஈ.சி.யு.வுக்குப் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) போகும் ஒயரையும் இழுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
கேஸ்கட், வளையங்கள், நான்கு பிளக், ஒரு காயில் எல்லாம் மாற்றியாயிற்று; இடைவெளியை 0.8 வைத்தோம். ஆறு வாரமாக முழுப் பாரத்தோடு தினமும் ஓடுகிறது, செக்கானூரணிக்கு அப்பாலும் மிஸ்ஸிங் இல்லை. நேற்று மூன்றாவது காயிலைத் தூக்கிப் பார்த்தேன். குழி காய்ந்திருக்கிறது.