திக்கற்ற பார்வதி பாட்டுப் புத்தகம்: லேமினேட் செய்யலாமா?

ஓசூர்வாசி:
வணக்கம். 1974-இல் வந்த 'திக்கற்ற பார்வதி' படத்தின் பாட்டுப் புத்தகம் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அட்டை ஓரம் உதிர்கிறது. நடுப்பின் துருப்பிடித்துத் தாளையே அரித்திருக்கிறது. லேமினேட் செய்துவிடலாமா? படத்தை நான் பார்த்ததில்லை, எப்படி இருக்கும்?

கறுப்புவெள்ளை ரசிகை:
லேமினேட் மட்டும் வேண்டாங்க. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. முதலில் அந்தப் பின்னை எடுங்கள். பிடுங்கி இழுத்தால் துருவோடு தாளும் வந்துவிடும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கியிருக்கும் இரண்டு காலையும் நகத்தால் மெல்ல நிமிர்த்தி, வெளிப்பக்கமாக உருவுங்கள். பழைய துளையிலேயே வெள்ளைப் பருத்தி நூல் கோத்துக் கட்டினால் போதும். செல்லோடேப் கிட்டவே வரக்கூடாது.

படம் பற்றி என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாது! ராஜாஜியின் கதை. குடியும் கடனும் ஒரு குடும்பத்தை எப்படித் தின்கிறது என்பதுதான் படம். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். 1971-இல் அது தளர்த்தப்பட்டதையும் பார்த்துவிட்டு, 1972 கடைசியில் காலமானார். படம் வந்ததோ அதற்கும் இரண்டு வருடம் கழித்து. இந்தப் பின்னணி தெரிந்து பார்த்தால் ஒவ்வொரு காட்சியும் கனக்கும். லட்சுமி, ஸ்ரீகாந்த் இருவருமே நட்சத்திரமாகத் தெரிய மாட்டார்கள், ஊர்க்காரர்களாகத்தான் தெரிவார்கள். 'அபூர்வ சகோதரர்கள்' எடுத்த சிங்கீதம் சீனிவாசராவ்தான் இதற்கும் இயக்குநர் என்றால் பலர் நம்புவதில்லை. இசை வீணை சிட்டிபாபு. அதற்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

திருச்சி அண்ணாச்சி:
தம்பி, நீங்கள் ஓசூர் என்கிறீர்கள். படம் எடுத்தது ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியில், உங்கள் பக்கத்து ஊர்தானே! பார்த்துவிட்டு ஒரு நடை போய் வாருங்கள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம், ஆனால் பேசுகிறவர்கள் குறைவு.

ஓசூர்வாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணாச்சி. தொரப்பள்ளி வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், இது தெரியாது. பின்னை எடுத்தாயிற்று, தாள் கிழியவில்லை. எதில் போட்டு வைப்பது?

கறுப்புவெள்ளை ரசிகை:
நல்ல பருத்தித் தாளில் சுற்றி, கெட்டி அட்டைக்கு நடுவே படுக்கை வாக்கில் வையுங்கள். வெயிலும் ஈரமும் படாத அலமாரி போதும். அதற்குமுன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். பாட்டு வரிகளைவிட, கலைஞர்கள் பட்டியல் இருக்கும் பக்கம் தெளிவாக வேண்டும். துணை நடிகர்கள் பெயர் அதில்தான் கிடைக்கும்.