உறுப்பினர் பட்டியலில் புதிய முகவரிகளை ஏற்றும் வினவல்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

உறுப்பினர் பட்டியலைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் தம்பி, இணையப் படிவம் வழியாக வந்த புதிய முகவரிகளைப் பழைய அட்டவணைக்குள் ஒரே வினவலில் (தரவுத்தளத்துக்கு இடும் ஒரே கட்டளையில்) கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தார். தாராளமாக முடியும். ஆனால் படிவத்தை நிரப்பியவர்கள் நம்மில் ஒரு பகுதியினர்தான் என்பதால், நிரப்பாதவர்களின் விவரத்தில் கைபடாமல் பார்த்துக்கொள்வதே இதில் முதன்மையான வேலை.

பழைய அட்டவணையின் பெயர் 'உறுப்பினர்' என்றும், புதிதாக வந்தது 'படிவம்' என்றும் கொள்வோம். இரண்டிலும் உறுப்பினர் எண் உண்டு. தரவுத்தளங்களுக்கான எஸ்கியூஎல் மொழியின் கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். பலருக்கும் முதலில் தோன்றும் வினவல் இது:

அப்டேட் உறுப்பினர் செட் முகவரி = (செலக்ட் முகவரி ஃப்ரம் படிவம் வேர் படிவம்.எண் = உறுப்பினர்.எண்);

இதில் உள்ள 'வேர்' (where), அதாவது எந்த வரிசைகள் என்று சொல்லும் நிபந்தனை, அடைப்புக்குறிக்குள் இருக்கும் உள்வினவலை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. வெளியே நிபந்தனை இல்லாததால் எல்லா வரிசைகளும் மாற்றப்படும். துபாயிலிருந்து படிவம் அனுப்பியவரின் முகவரி சரியாக ஏறிவிடும். டொராண்டோவில் படிவத்தையே பார்க்காமல் இருக்கும் பெரியவருக்கு உள்வினவல் எதையும் தராததால், அவருடைய முகவரி இருந்த இடத்தில் 'நல்' எனும் வெற்று மதிப்பு வந்து உட்கார்ந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் அஞ்ச வேண்டியது. இந்த வடிவத்தையே பயன்படுத்துவதானால், படிவத்தில் அந்த எண் இருக்கிறதா என்று கேட்கும் 'வேர் எக்ஸிஸ்ட்ஸ்' நிபந்தனையை வெளியேயும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

நம் பட்டியல் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் கோப்பாக இருப்பதால், 2020இல் வெளிவந்த 3.33 பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருந்தால் எளிய வழி உண்டு:

அப்டேட் உறுப்பினர் செட் முகவரி = படிவம்.முகவரி ஃப்ரம் படிவம் வேர் படிவம்.எண் = உறுப்பினர்.எண்;

பொருந்திய வரிசைகள் மட்டுமே இதில் மாறும். வேறு தரவுத்தள மென்பொருள்களைப் பயன்படுத்துவோருக்கு: போஸ்ட்கிரெஸிலும் இதே வடிவம்தான். மைஎஸ்கியூஎல்லில் இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் பகுதியைச் செட்டுக்கு முன்னால் எழுத வேண்டும். ஆரக்கிளில் மெர்ஜ் என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது.

பெயரை வைத்துப் பொருத்துவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு குலசாமி பெயரும் தாத்தா பெயரும்தான்; தலைப்பெழுத்துகூட ஒத்துப்போகும்.

ஒரே எண்ணுக்கு இரண்டு பதிவுகள் வந்திருந்தால், அவற்றுள் எதை எடுக்கும் என்பதற்கு எஸ்கியூலைட் உறுதி தருவதில்லை. வீடு மாறியவரின் பழைய முகவரியே மறுபடி ஏறிவிடக்கூடும். ஆகவே 'குரூப் பை எண் ஹேவிங் கவுண்ட்(*) > 1' என்று முதலில் கேட்டு, ஒன்றுக்கு மேல் வந்திருக்கும் எண்களைப் பார்த்து, ஒவ்வோர் எண்ணுக்கும் கடைசியாக வந்த பதிவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

முகவரியை எழுதிவிட்டுத் தொலைபேசிக் கட்டத்தை வெறுமையாக விட்டவர்களும் இருப்பார்கள். படிவத்திலிருந்து அது பெரும்பாலும் 'நல்' ஆக வராமல் வெற்றுச் சரமாகவே வரும் என்பதால், செட் பகுதியில் இப்படி எழுதினால் பழைய எண் காப்பாற்றப்படும் (நல்இஃப் வெற்றுச் சரத்தை 'நல்' ஆக்கும்; கோஅலெஸ் 'நல்' அல்லாத முதல் மதிப்பை எடுக்கும்):

தொலைபேசி = கோஅலெஸ்(நல்இஃப்(படிவம்.தொலைபேசி, ''), உறுப்பினர்.தொலைபேசி)

வினவலை ஓட்டுமுன் கோப்பை நகலெடுத்து வையுங்கள். இரண்டு அட்டவணைகளையும் இணைத்து ஒரு செலக்ட் மூலம் எத்தனை வரிசைகள் பொருந்துகின்றன என்று எண்ணிக்கொண்டு, மாற்றங்களைத் திரும்பப் பெற இடம் தரும் பிகின் கட்டளையிட்டுவிட்டு அப்டேட்டை ஓட்டுங்கள். மாறிய வரிசைகளைச் சொல்லும் சேஞ்சஸ்() தரும் எண்ணிக்கை முன்பு எண்ணியதோடு ஒத்திருந்தால், மாற்றத்தை உறுதியாக்கும் கமிட். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ரோல்பேக் செய்து (பழைய நிலைக்குத் திருப்பி) விட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

படிவத்தில் உள்ள, ஆனால் உறுப்பினர் அட்டவணையில் இல்லாத எண்களை அப்டேட் கண்டுகொள்ளாது. அவர்கள் புதியவர்களா, எண்ணைத் தவறாக எழுதியவர்களா என்பதைச் செயலாளர்தான் சொல்ல முடியும். அந்த வரிசைகளைத் தனியே எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள், தம்பி.

அன்புடன்.