தேக்கு அலமாரியில் வெள்ளை பெயின்ட் அடித்தால் பழுப்புக் கறை மேலே வருகிறது. என்ன செய்வது?

மாடிப்படி கேட்டது:

வணக்கம். பழைய தேக்கு அலமாரி ஒன்று இருக்கிறது. உயரம் ஆறரை அடி, அகலம் நாலு அடி, ஆழம் ஒன்றரை அடி. மேலே கண்ணாடிக் கதவு, கீழே இரண்டு இழுப்பறை. கருஞ்சிவப்பு பாலிஷ், கை படும் இடமெல்லாம் பிசுபிசுப்பு. இதை மங்கலான வெளிர் நிறத்துக்கு மாற்ற வேண்டும்.

மாதிரிக்கு ஒரு இழுப்பறையை மட்டும் பெயின்டர் அடித்துக் காட்டினார். 120 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் கலக்கும் வுட் பிரைமர் ஒரு கை, அதன் மேல் வாட்டர் பேஸ் எனாமல் இரண்டு கை. மறுநாளே அங்கங்கே பழுப்புத் திட்டு, கைப்பிடியைச் சுற்றி ரோஸ் நிறம். மூன்றாவது கை அடித்தும் கறை மேலே வந்துவிட்டது. இன்னொரு ஓரத்தில் நகத்தால் கீறினால் பெயின்ட் தோலாக உரிகிறது. "வால் பட்டி பார்த்துட்டா அடங்கிடும்" என்கிறார் பெயின்டர். சன்மைக்கா ஒட்டிவிடச் சொல்கிறார் கடைக்காரர். வீட்டிலேயே சாக் பெயின்ட் கலந்து அடித்தால் உப்புத்தாளே வேண்டாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். எது சரி? பித்தளைக் கைப்பிடிகளையும் சேர்த்து அடித்துவிடலாமா?

உளிச்சத்தம்:

அந்த ஒரு இழுப்பறையிலேயே மூன்று வேறு கோளாறு தெரியுது. ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற.

பழுப்புத் திட்டு வந்த இடத்துல பாலிஷ் முழுசா தேய்ஞ்சு மரம் வெளியே வந்திருக்கு. தேக்குல இருக்கிற டேனின்ங்கிற துவர்ப்புப் பொருள் தண்ணியில கரையும். தண்ணி பிரைமர் பட்டதும் அது கரைஞ்சு, ஈரம் காயும்போது கூடவே மேலே ஏறிடும். அதே பெயின்ட்டை இன்னும் பத்து கை அடிச்சாலும் ஒவ்வொரு கையும் புது ஈரம்தானே, அதனால நிக்காது. ரோஸ் நிறம் மரத்தோடது இல்லை. பழைய பாலிஷ்ல கலந்த சாயம். உரியுற ஓரத்துல பாலிஷ் அப்படியே இருக்கு. பளபளப்பு போகலை, மேலே எண்ணெய்ப் பசை வேற. நம்ம வீடுகள்ல மரச்சாமானைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கிற வழக்கம் உண்டு. அதுக்கு மேல எந்த பெயின்ட்டும் பிடிக்காது.

வால் பட்டி வேண்டவே வேண்டாம். அது வெள்ளை சிமென்ட். சுவர் அசையாது, மரம் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும்; பட்டி மயிர்க்கோடா வெடிச்சு உதிரும். அதோட சிமென்ட்டோட காரம் டேனினை இன்னும் கறுக்க வைக்கும்.

முதல்ல என்ன பாலிஷ்னு பாருங்க. அலமாரிக்குப் பின்னால, கண்ணுக்குத் தெரியாத காலில், பஞ்சை ஸ்பிரிட்ல நனைச்சு அரை நிமிஷம் அழுத்தி வைங்க. பாலிஷ் இளகி, பஞ்சுல பழுப்பா ஒட்டி, இழுத்தா நூல் மாதிரி வந்தா அது அவலரக்கு (ஷெல்லாக்) பாலிஷ். அசையலைன்னா என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர்ல பஞ்சை நனைச்சு அதே மாதிரி வைங்க. கரைஞ்சா என்.சி. லாக்கர். ரெண்டுக்கும் மசியலைன்னா மெலமைன் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு; அது உறுதியா இருந்தா உரிக்கவே வேண்டாம், 220 நம்பர் தாள்ல பளபளப்பை மட்டும் கொன்னா போதும்.

அவலரக்குன்னா உப்புத்தாளை ஓரமா வைங்க. சூட்டுல அரக்கு இளகித் தாளை அடைச்சுக்கும். ஸ்பிரிட்டைத் தடவி ரெண்டு நிமிஷம் விட்டு, பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால தேய்ச்சு, பழைய பனியன் துணியால வழிச்சு எடுங்க. இரும்பு நார் கூடாது. அதோட துணுக்கு ஒண்ணு மரத்துல தங்கினாலும், ஈரம் பட்டதும் டேனினோட சேர்ந்து நீலக்கறுப்புப் புள்ளியா நிக்கும். ஜன்னலைத் திறந்து வைங்க. அடுப்பு, சாமி விளக்கு எதுவும் அந்த அறையில எரியக்கூடாது.

அப்புறம் 180, முடிவுல 220 தாள், மரத்தோட ரேகை வாக்குல. தூசி தட்டி, பிரைமர் அடிக்கிறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி தின்னர் நனைச்ச துணியால ஒரு துடைப்பு. தேக்கோட எண்ணெய் உள்ளேயிருந்து திரும்பக் கசியும்; முந்தின நாளே துடைச்சு வச்சா பிரயோஜனம் இல்லை.

கறையை நிறுத்துறதும் அவலரக்குதான். 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் செதில், கண்ணாடி பாட்டில்ல ஊற வைங்க. கரைஞ்சதும் ஆட்டாம நாலைஞ்சு நாள் விட்டா மெழுகு அடியில படியும். மேலே தெளிஞ்சதை மட்டும் ஊற்றி எடுங்க. அந்த மெழுகு இருந்தா அதுக்கு மேல வர்ற தண்ணி பெயின்ட் சரியா பிடிக்காது. மெல்லிசா ரெண்டு கை, நடுவுல ஒரு மணி நேரம். ஒரே இடத்துல பிரஷ்ஷைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீங்க; சாயமும் ஸ்பிரிட்ல கரையுற ரகமா இருந்தா முதல் கையிலேயே ரோஸ் கொஞ்சம் கிளம்பும். ரெண்டாவது கை அதை அடக்கும். அதுக்கு மேல தண்ணி பிரைமர் இல்லாம டர்பண்டைன்ல கலக்கிற வுட் பிரைமர் ஒரு கை.

காரைவீடு:

உளிச்சத்தம் அண்ணன் சொன்ன வேலைமுறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது பர்மா தேக்காகவோ தோதகத்தியாகவோ (ரோஸ்வுட்) இருந்தால் பெயின்ட் அடிப்பதே வீண். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழஞ்சாமான் வாங்க வருபவர்கள் முதலில் பார்ப்பது மரமும் இணைப்பும்தான். இழுப்பறையை வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். பலகைகள் புறாவால் வடிவில் கோத்திருந்து, அடிப்பலகையும் முழு மரமாக இருந்தால் அது பாலிஷுக்கு உரிய சாமான். தேக்கின் ரேகைக்குழிக்குள் வெள்ளை பெயின்ட் இறங்கிவிட்டால் பிறகு முழுதாக எடுக்கவே முடியாது.

பிசுபிசுப்புக்காக மட்டும் என்றால், ஸ்பிரிட் கழுவலுக்குப் பிறகு அதே அவலரக்கை வடித்து, துணிப்பொட்டலத்தில் நனைத்து ஏழெட்டு முறை இழுத்தால் போதும். சாயம் போனாலே தேக்கு நன்றாக வெளுத்துத் தெரியும். வெளிர் நிறம் வேண்டும் என்ற ஆசைக்கு அதுவே பாதி வழி. சன்மைக்கா யோசனையை மறந்துவிடுங்கள். சட்டமும் கொத்துவேலையும் உள்ள கதவில் அது படியாது, தட்டையான பலகைக்குத்தான்.

மாடிப்படி:

ரொம்ப நன்றி. ஸ்பிரிட்டில் நூல் நூலாகவே வந்தது. கதவும் இழுப்பறை முகப்பும் தேக்கு. பக்கப்பலகையும் மேற்பலகையும் வேறு ஏதோ லேசான வெளிர் மரம், மேலே சாயம் பூசி ஒப்பேற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கப்பலகையில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள். கீழே மாவு போல் கொட்டிக் கிடக்கிறது.

டப்பாபிரஷ்:

அப்படியென்றால் காரைவீடு சொன்னதில் பாதியும் நீங்கள் நினைத்ததில் பாதியும் செய்யலாம்: கதவும் இழுப்பறை முகப்பும் பாலிஷில், மற்றதெல்லாம் பெயின்ட்டில். மாதிரி அடித்த இழுப்பறை முகப்பை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் அந்த மாவு. கையில் எடுத்துத் தேய்த்தால் முகப்பவுடர் போல வழவழப்பாக இருந்தால் அது மரத்தைத் துளைக்கும் வண்டு. மண்பூச்சும் பாதையும் இருந்தால்தான் கரையான். ஓட்டையைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டு, பலகைக்குக் கீழே கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். புதிதாக மாவு விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. மரத்துக்கென்று விற்கும் பூச்சி மருந்தை, தண்ணீரில் கலக்காத ரகமாக வாங்கி, ஊசியால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஏற்றுங்கள். பெயின்ட் இல்லாத உட்பக்கத்தில் பிரஷ்ஷாலும் தடவுங்கள். கையுறை கட்டாயம். மருந்து முழுதாகக் காய்ந்த பிறகே ஓட்டை அடைப்பும் பிரைமரும். முதலிலேயே அடைத்து பெயின்ட் அடித்தால், உள்ளே இருப்பது வளர்ந்து புது ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும்.

ஓட்டை அடைக்க மரத்தூளும் மரப்பசையும் குழைத்தது போதும். கடையில் என்.சி. பட்டி கொடுத்தால், டர்பண்டைன் பிரைமருக்கு மேல் போடாதீர்கள். அதிலுள்ள தின்னர் கீழே இருக்கும் எண்ணெய்ப் பூச்சை இளக்கி, முதலைத்தோல் மாதிரி சுருட்டிவிடும்.

பரப்பு கணக்கு: முன்பக்கம் 26 சதுர அடி, இரண்டு பக்கமும் சேர்த்து 19.5, மேலே 6. மொத்தம் 51.5. முகப்பு பாலிஷுக்குப் போனால் பெயின்ட்டுக்கு மிஞ்சுவது சட்டம், விளிம்பு எல்லாம் சேர்த்து 30 சதுர அடிக்குள்தான். 1 லிட்டர் எனாமல் ஒரு கைக்குச் சுமார் 100 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டால் பிரைமர் அரை லிட்டர், எனாமல் 1 லிட்டர் வாங்கினாலே மிஞ்சும். சின்ன டப்பா வேண்டாம் என்று 4 லிட்டரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

வெளிர் நிறத்துக்கு ஆயில் எனாமல் எடுக்காதீர்கள். வெளிச்சம் குறைந்த அறையில் அதன் வெள்ளை மஞ்சளாகத் திரும்பும். கறை அடங்கி, டர்பண்டைன் பிரைமர் ஒரு நாள் காய்ந்த பிறகு வாட்டர் பேஸ் எனாமலில் சாட்டின் ரகம் சரியாக இருக்கும். நாலு அங்குல நுரை ரோலரில் உருட்டி, உடனே ஈரம் போகுமுன் பிரஷ் நுனியால் நீளவாக்கில் ஒரே ஓட்டம். கைகளுக்கு நடுவே 320 தாள். தொடக் காய்ந்துவிட்டது என்று கதவை மூடினால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். இறுகப் பத்துப் பதினைந்து நாளாவது விடுங்கள். கதவு முன்பே இறுக்கமாக இருந்தால், பெயின்ட் தடிமனும் சேர்ந்து ஐப்பசி மழையில் திறக்கவே முடியாது. சட்டத்தில் கதவு படும் விளிம்பை ஒரு நூல் அளவு இழைத்துவிட்டுத் தொடங்குங்கள். மழை நாளில் அவலரக்கு போடாதீர்கள், ஈரம் பிடித்து வெள்ளையாகப் பூக்கும்.

சாக் பெயின்ட்: ஒரு டம்ளர் எமல்ஷனுக்கு மூன்றில் ஒரு பங்கு கால்சியம் கார்பனேட் பொடி, குழைக்க அதே அளவு தண்ணீர். பிளாஸ்டர் ஆப் பாரிஸ் போட்டால் கால் மணி நேரத்தில் டப்பாவிலேயே கட்டி தட்டும். ஆனால் இதுவும் தண்ணீர் பெயின்ட்தான், கறை இதிலும் ஏறும். எண்ணெய்ப் பசையையும் இது மன்னிக்காது. வீடியோவில் மேலே மெழுகு தேய்ப்பார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது பிசுக்காகித் தூசியை வாங்கிக்கொள்ளும். மேலே தண்ணீரில் கலக்கும் பி.யூ. மேட் இரண்டு கை என்றால் நிற்கும்.

அலமாரியின் உள்பக்கம் பெயின்ட் வேண்டாம். மெழுகு நீக்கிய அவலரக்கு இரண்டு கை போதும், துணியில் வாடை ஏறாது. பித்தளைக் கைப்பிடிக்கு பெயின்ட் அடிப்பது பாவம். கழற்றிப் புளித்தண்ணீரில் ஊற வைத்துத் தேய்த்து, உடனே கழுவித் துடையுங்கள். பழைய திருகாணிகளை எந்த ஓட்டையில் எது இருந்தது என்று தாளில் குத்தி வையுங்கள். அளவு ஒன்றுக்கொன்று மாறும்.

வேம்படி:

ஒன்று விட்டுப்போச்சு. அந்த வெளிர் மரத்தில் பாலிஷுக்கு அடியில் பழைய பெயின்ட் அடுக்கு ஏதாவது தெரிந்தால் உலர்வாகத் தேய்க்காதீங்க. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சள், சிவப்பு, பச்சையில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ச்சு, சேற்றைத் துணியில் வழிச்சு எடுங்க. என்-95 முகக்கவசம் போடுங்க. குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

மாடிப்படி:

பக்கப்பலகையைச் சுரண்டிப் பார்த்தேன், பெயின்ட் அடுக்கு இல்லை. ஸ்பிரிட் மருந்துக்கடையில் வாங்கினதே போதுமா?

உளிச்சத்தம்:

பாலிஷைக் கழுவ அது போதும். அரக்கு கரைக்க வேண்டாம், அதுல தண்ணி கலந்திருக்கும், பூச்சு வெளுத்துடும். பாலிஷ் சாமான் விக்கிற ஹார்டுவேர் கடையில "பாலிஷ் ஸ்பிரிட்"னு கேளுங்க. செதிலும் அங்கேயே கிடைக்கும். கரைச்சு ஆறு மாசத்துக்கு மேல ஆன அரக்கு காயாம ஒட்டிக்கிட்டே கிடக்கும். கரைச்சு வச்ச பாட்டிலைக் கொடுத்தா வாங்காதீங்க, செதிலா வாங்குங்க.